நல்லியடியில் கேட்ட சத்தியம்

ஒக்கலிபுரத்தில் நாங்கள் குடியிருந்த லைனில் பதினெட்டு வீட்டுக்கும் ஒரே குழாய். நல்லி என்றுதான் சொல்வோம். முனிசிபாலிட்டி போட்டது. அதற்குப் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் முனீஸ்வரன் கல். இரண்டும் அப்படிக் கிட்டக் கிட்ட இருந்ததுதான் வம்பாகப் போயிற்று.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மூன்றாம் கிளாஸ். ஒரு நாள் விடிந்து பார்த்தால் நல்லியின் பித்தளைத் தலையை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தண்ணீர் பீறிட்டு லைன் முழுக்கச் சேறு. முந்தின நாள் சாயங்காலம் கடைசியாகக் குடம் வைத்தவள் என் அம்மா. அதை முதலில் யார் சொன்னார்களோ, மத்தியானத்துக்குள் எல்லார் வாயிலும் இருந்தது.

முனிசிபாலிட்டி ஆள் வந்து புதுத் தலை மாட்டிவிட்டுப் போனதும், லைனுக்குப் பெரியவரான மேஸ்திரி ஒரு சட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை முனீஸ்வரன் முன்னால் வந்து, 'நான் எடுக்கலை' என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தவள் நல்லியைத் தொடலாம். அணைக்காதவள் தொடக் கூடாது.

பதினேழு பேர் அடித்தார்கள். அம்மாவின் முறை வந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் எடுக்கலை. சொல்லிட்டேன். அவ்ளோதான்."

"அதைக் கற்பூரத்துக்கிட்ட சொல்லும்மா," என்றார் மேஸ்திரி.

"நல்லி முனிசிபாலிட்டி போட்டது மேஸ்திரி, முனீஸ்வரன் போடலை. அவரை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?"

"சாமிக்கே பயப்படாதவ, மனுஷனுக்கா பயப்படப் போறா?"

"அப்ப நீங்க பயந்துகிட்டுதான் திருடாம இருக்கீங்களா? அப்படின்னா முதல்ல உங்க வீட்டைத்தான் தேடணும்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மேஸ்திரியின் சம்சாரம்தான் என்று பிற்பாடு கேள்வி. அம்மா சிரிக்கவில்லை.

"எங்க அண்ணன் எங்கம்மா கம்மலை எடுத்துக்கிட்டு ஊர்க் கூட்டத்துல கற்பூரம் அடிச்சான். கை வேகலை, கண்ணு போகலை. இன்னிக்கும் மூணு வேளை தின்னுட்டு நல்லாத்தான் இருக்கான். நெருப்புக்கு என்னா தெரியும்? என்னைத் தெரிஞ்சவங்க நீங்கதான். இந்த லைன்ல ஆறு பிரசவம் பார்த்திருக்கேன். அப்ப யாராவது, சத்தியம் பண்ணிட்டு வந்து கையை வைன்னு கேட்டீங்களா?"

அப்படியும் ஒருவரும் நல்லிக்கு வழி விடவில்லை.

அப்பா ரயில்வே ஷெட்டில் வேலை. சண்டை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிற ஆள். அன்றைக்கு மட்டும், "ஒரு கற்பூரம்தானே, அடிச்சுட்டு வந்துடேன். கை என்ன தேஞ்சா போயிடும்?" என்றார்.

"கை தேயாது. என் வாய்ச்சொல் தேஞ்சு போயிடும்," என்றாள் அம்மா.

மறுநாளிலிருந்து ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர். நாலு நடை. கேட் மூடியிருந்தால் கூட்ஸ் வண்டி போகிறவரை இடுப்பில் குடத்தோடு நிற்பாள். என்னோடு பாண்டி ஆடுகிற பெண்கள் என்னைச் சேர்க்காமல், "நல்லித் திருடி மவ" என்று பாடினார்கள். நான் சண்டைக்குப் போகிற ரகம் இல்லை. மூலையில் உட்கார்ந்து யோசிக்கிற ரகம். எடுக்கவில்லையென்றால் அடித்துவிட வேண்டியதுதானே என்று எனக்கும் யோசனை வந்தது.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே வேப்பமரத்தடிக்குப் போனேன். மேஸ்திரி அங்கேதான் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தை உள்ளங்கையை விரித்துக் காட்டித்தான் சொன்னேன்.

"வா வா. நீ வந்தா என்ன, அந்த வீட்டுப் பொண்ணுதானே," என்று ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி வைத்தார்.

'எங்கம்மா எடுக்கலை' என்று சொல்லப் பார்த்தேன். உதடுதான் அசைந்தது. மற்றவர்கள் பட்டென்று அடித்துக் கையை எடுத்துக்கொண்டார்கள். நானோ அழுத்தி வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் வைக்கிறேனோ அவ்வளவு உண்மை என்று எனக்கு நினைப்பு. மேஸ்திரிதான் பதறிப்போய்க் கையைப் பிடுங்கினார். பிறகு ஒரு சொம்பு நிறைய நல்லித் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, "தீர்ந்துபோச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார்.

இடது கையில் சொம்பைப் பிடித்துக்கொண்டு, பரிசு வாங்கினவள் மாதிரி வீட்டுக்கு வந்தேன். அம்மா சொம்பைப் பார்த்தாள். என் வலது கையைப் பார்த்தாள். சொம்பையும் காலிக் குடத்தையும் எடுத்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து நல்லியடிக்கு நடந்தாள். பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். சொம்புத் தண்ணீரை மேஸ்திரியின் காலடியில் கவிழ்த்தாள். என் கையைத் தூக்கிப் பிடித்தாள்.

"நல்லாப் பாருங்க. எட்டு வயசுப் புள்ள. இப்ப உண்மை தெரிஞ்சு போச்சா உங்களுக்கு? இன்னும் ரெண்டு விரல் வெந்திருந்தா இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்குமா?"

மேஸ்திரி, "நான் கூப்பிடலைம்மா, அதுவா வந்துச்சு…" என்று இழுத்தார்.

"நான் அடிக்கலை. அடிக்கவும் மாட்டேன். இப்ப தண்ணி பிடிக்கப் போறேன். தடுக்கறவங்க வந்து தடுங்க."

குடத்தை வைத்து நல்லியைத் திருகினாள். நிறைந்ததும் மேஸ்திரியின் சம்சாரம் தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை. குடத்தைத் தூக்கி அம்மா இடுப்பில் வைத்து, "போக்கா, புள்ளைக்கு முதல்ல எண்ணெய் போடு" என்றாள்.

அதற்குப் பிறகு எங்களை யாரும் தடுக்கவில்லை. பித்தளைத் தலை கடைசிவரை கிடைக்கவில்லை, பதினேழு பேர் சத்தியம் செய்தும்.

வீட்டில் அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு கையில் தேங்காயெண்ணெய் தடவினாள். ஊதி ஊதித் தடவினாள். கோபமெல்லாம் போய்விட்டது என்று எனக்குத் தைரியம் வந்தது.

"ஏன்டி போனே? நான் எடுக்கலைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. நீ கிணத்துக்குப் போனப்ப டிரங்குப் பெட்டில, விறகுக்கு அடியில, அரிசிப் பானைக்குள்ள, எல்லா இடத்துலயும் தேடிப் பார்த்துட்டேன். எங்கயுமே இல்ல."

அம்மாவின் கை அப்படியே நின்றது. லைன் முழுக்க எதிரே நின்றபோது அழாதவள் அப்போது அழுதாள். நான் அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னேன். ஒருவேளை சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சத்தமாகச் சொன்னேன்.