என் கணவர் 'எக்ஸ்பெக்டிங்' ஆன கதை

பாசிக்குடா ஹோட்டல்களில் தங்கும் வெள்ளைக்காரரைத் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்குவது என் கணவரின் தொழில். ஐம்பது வயதுக்குப் பிறகு அவருக்கு இங்கிலீஷ் ஆசை பிடித்தது. போனில் பாடம் கேட்பார். கேட்டதை அன்றைக்கே யாரிடமாவது பேசிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் ஹோட்டல் வரவேற்பில் நின்ற பெண், வந்தவர்களிடம் "வி ஆர் எக்ஸ்பெக்டிங் யூ" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தார்.

"'வெயிட்' எண்டுறது பஸ் ஸ்டாண்டுல சொல்ற சொல்லுகா. மரியாதையான ஆக்கள் 'எக்ஸ்பெக்ட்' எண்டுதான் சொல்றாங்க" என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. காத்திருப்பதற்கும் எதிர்பார்ப்பதற்கும் தமிழில் நாங்கள் என்ன பெரிய வித்தியாசம் பார்க்கிறோம்?

அந்தக் கிழமை முழுக்க அவருடைய வானில் போய்வந்தவர், தனியாக வந்திருந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. காலையில் ஹோட்டல் வாசலுக்குப் போனதும் இவர் மெசேஜ் போட்டார்: "குட் மோர்னிங் மேடம். ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்." 'யூ'வை வீண் சொல் என்று விட்டுவிட்டார். பதிலாக வாழ்த்தும் பூக்களும் இதயங்களும் வந்து குவிந்தன.

"எவ்வளவு நல்ல மனுசி! வாசல்ல நிண்டதுக்கே வாழ்த்துறா" என்று என்னிடம் போனை நீட்டினார். கண்ணாடி போடாத எனக்குப் பூக்கள் மட்டுமே தெரிந்தன. அந்த அம்மாவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னேன்.

ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். அது வஞ்சகமில்லாமல் வளர்ந்த வயிறு. நண்டுக்கறிச் சட்டியை நான் தூக்கப் போக, ஓடிவந்து பறித்துக்கொண்டார். கதிரையை இழுத்து என்னை இருத்தினார்.

"ஹவ் மெனி மந்த்ஸ்?" என்று மெதுவாகக் கேட்டார்.

இவர் இங்கிலீஷ் படிக்கத் தொடங்கி எத்தனை மாதம் என்று கேட்கிறார் என நினைத்து, "சிக்ஸ்" என்றேன் பெருமையாக. அவர் கண்கலங்கி, பையிலிருந்து குழந்தைத் தொப்பி ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். மஞ்சள் நிறம், உள்ளங்கை அளவு.

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தோம். அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவள் எங்கள் மகள். கம்பஸில் படிக்கிறவள், லீவில் வந்திருந்தாள். கூப்பிட்டு, தொப்பியைக் காட்டினோம். அப்பாவின் போனை வாங்கி வாசித்தவள் சிரிப்புத் தாங்காமல் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, வாசல்ல பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு அப்பா எழுதல்ல. நான் புள்ளத்தாச்சி எண்டு எழுதியிருக்கார்!"

"ஆரு, நானா?" என்றார் இவர்.

"ஓம், நீங்கதான். அவ அது அம்மாதான் எண்டு நினைச்சிட்டா."

மகள் இங்கிலீஷில் விளக்கியபோது அந்த அம்மா கண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் ஆறு மாதம் என்றதும் அவர் நம்பியது கொஞ்சம் சுட்டது. இவரோ டயருக்குக் காற்றுப் போதுமா என்று பார்க்க வெளியே போனவர், சோறு ஆறிய பிறகுதான் வந்தார்.

தொப்பியைத் தங்கச்சியின் பேரப்பிள்ளைக்குக் கொடுத்தோம். அளவாக இருந்தது.

மறுநாள் காலையில் இவர் 'எக்ஸ்பெக்ட்'டைக் கைவிட்டார். 'வெயிட்'டுக்கு இறங்கவும் மனமில்லை. 'வாசல்ல நிக்கிறன்' என்பதை அப்படியே இங்கிலீஷாக்கினார்: "மேடம், ஐ ஆம் ஸ்டாண்டிங்."

"ப்ளீஸ் சிட் டவுன்" என்று பதில் வந்தது. இவர் வானுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.