பீச்சாங்கைத் துப்பாக்கி

ஆரோக்கியராஜ் போய்விட்டான். கடலூரிலிருந்து அவன் மைத்துனன் போனில், “மாமா போயிட்டாருண்ணே, காலைல நெஞ்சு வலின்னாரு” என்று அழுதபோது, சிதம்பரத்தில் எங்கள் ஓவிய ஸ்டுடியோவில் அவன் படத்தைப் பார்த்து நான் அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மறுபடியும் துப்பாக்கியைத் தப்பாக வரைந்திருந்தான் பாவி.

ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டுகளின் வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு அவன் படம் வரைவான். தப்புப் பார்ப்பது என் வேலை. நிஜத் துப்பாக்கி என்று நாங்கள் பார்த்தது பேங்க் வாசலில் காவலர் வைத்திருந்த ஒன்றைத்தான். சுட்டதும் தோட்டாவின் வெற்றுக்கூடு வலப்பக்கம் தெறிக்க வேண்டும். இவன் படத்தில் இடப்பக்கம் தெறிக்கும், வலத்தோளில் வைத்துச் சுடுகிறவன் மூஞ்சிக்கு நேராக. பழகியவர்களுக்குத் தெரியும், அவன் இடக்கைக்காரன். தன் கைக்கு வாகாகவே எல்லாவற்றையும் வரைந்து தொலைப்பான்.

“யாருக்கு மச்சான் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்டா. மாத்து.”

ஒருமுறை என் கண்ணுக்கும் தப்பி ஒரு படம் அச்சாகிவிட்டது. வாசகர்கள் கிழிகிழியென்று கிழித்தார்கள். வேறு ஆளைப் போடச் சொல்லிப் பதிப்பாளர் கோபமாக எழுதினார். உடனே திருத்தச் சொன்னேன். இவனோ துப்பாக்கியைத் தொடவே இல்லை. அதை வீரனின் இடத்தோளுக்கு மாற்றிப் போட்டு அனுப்பினான். “துப்பாக்கி சரிதான் மச்சான். ஆளுதான் தப்பு. இவன் பீச்சாங்கைக்காரன்.”

பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லோடு அடியும் வாங்கியவன் அவன். பதிப்பாளர் சிரித்துவிட்டார். அடுத்த பதிப்பில் அந்த வீரன் இடக்கைக்காரன் என்றே அச்சானது. புத்தகத்தைக் கடலூருக்கு எடுத்துப்போய், “பாரும்மா, பீச்சாங்கைக்காரன்தான் ஹீரோ” என்று அம்மாவிடம் காட்டினானாம்.

கடலூரில் அவன் வீட்டுத் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். நல்ல படம், சிரித்துக்கொண்டே வரைகிறான். ஆனால் பென்சில் வலக்கையில். முகம் பேனர் ஓரத்துச் சிலுவையைப் பார்க்கட்டும் என்று பேனர்காரர் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். அடித்துப் பிடித்து அவர் கடைக்கு ஓடினேன்.

“விடுண்ணே, யாருக்குத் தெரியப் போவுது?” என்றார்.

“எனக்குத் தெரியும்யா!” என்று கத்தினேன். அங்கேயே உடைந்து அழுதேன்.

புது பேனர் வருவதற்குள் சவப்பெட்டியை எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் கட்டினேன். இடக்கையோடு, அவனாகவே இருந்தான்.

அவன் கடைசியாக வரைந்த அந்தப் படத்தை நான் திருத்தவில்லை. என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். அவன் இடத்துக்கு வந்திருப்பவர் நன்றாக வரைகிறார், துப்பாக்கியெல்லாம் சரியாகவே இருக்கிறது. எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்றையாவது தப்பாகப் போட்டு அனுப்பேன்டா, மச்சான்.