புது வங்கிக்கு ஒரு கையெழுத்து

எங்கள் வங்கியை ஒரு பெரிய வங்கி வாங்கிவிட்டது என்ற செய்தி வந்தபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. கோவிலம்பாக்கத்து நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்ற பணம் முழுவதும் கிழக்குத் தாம்பரத்தில் இருந்த அந்தச் சின்ன வங்கியில்தான் கிடந்தது. அதன் வட்டியில்தான் அவருடைய மருந்துச் செலவு நடந்தது.

நான் எதற்கும் பயப்படுகிறவள். பக்கத்து வீட்டு அக்கா வேறு வாசலில் நின்று பயமுறுத்தினார்.

“பேங்க்கே கைமாறிப் போச்சாம், இன்னும் துட்ட அங்கியே வச்சிகினு கீறியா? எட்த்து போஸ்டாபீஸ்ல போட்டுட்டு நிம்மதியா தூங்கு.”

கெடுவுக்கு முன்னால் எடுத்தால் வட்டி குறையும். எடுக்காமல் விட்டு முதலே போய்விட்டால்? இரண்டு நாள் யோசித்துவிட்டு வங்கிக்கே போய்க் கேட்டேன். திரும்ப வந்ததும் சந்தேகம் வந்து போன் செய்தும் கேட்டேன். வைப்பு முதிரும் வரை பழைய வட்டிதான், நாமினியாக என் பெயர் அப்படியே இருக்கும், பழைய செக் புத்தகத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அத்தனையும் உண்மையாகவே இருந்தது. இன்று யாராவது என்னிடம் கேட்டால் இவற்றையெல்லாம் விசாரிக்கச் சொல்வேன். கூடவே, கவுண்டருக்கு அந்தப் பக்கம் உங்களைத் தெரிந்தவர் இனியும் இருப்பாரா என்றும் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். நான் அதைக் கேட்கவில்லை.

பழைய மேலாளர் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து வருவார்.

“என்ன பெரியவரே, கை என்ன சொல்லுது?”

“எங்க சார், சொன்ன பேச்ச கேக்க மாட்டேங்குது. எம் பொண்ணு மாதிரி.”

பக்கவாதம் தாக்கிய வலக்கையால் அப்பா இழுக்கும் கோணல் கோட்டைக் கையெழுத்து என்று அவர் ஏற்றுக்கொள்வார். வங்கி கைமாறியதும் அவரை வெளியூருக்கு மாற்றிவிட்டார்கள். கணக்கு வைத்திருப்பவர்கள் நேரில் வந்து புதிதாகக் கையெழுத்தும் புகைப்படமும் தர வேண்டும் என்று கடிதம் வந்தது.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதியதைப் படித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கி, அவருடைய அப்பாவிடமிருந்து கிணற்றடி நிலத்தை யாரோ எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான், மீசை முளைத்த வயதில், அப்பா தன் பெயரை மட்டும் எழுதப் பழகினார். “நம்ம வூட்ல இனிமே கைநாட்டு கெடையாது” என்று சொல்லித்தான் என்னைக் கல்லூரி வரை அனுப்பினார்.

கடிதம் வந்த அன்றே என் மகளின் சிவப்புக் கிரேயானை வாங்கிக்கொண்டார். செய்தித்தாளின் ஓரங்களில் இடக்கையால் தன் பெயரை எழுதத் தொடங்கினார். சில வாரங்களில் அதைப் படிக்க முடிந்தது.

வங்கியில் அன்று நல்ல கூட்டம். இடுப்பில் இருந்த மகள் அழுதுகொண்டே இருந்தாள். புது அதிகாரி இளைஞர், மரியாதையானவர். அப்பா முதல் அட்டையில் எழுதியதும் எனக்கே பெருமையாக இருந்தது. அதிகாரி இன்னொரு முறை போடச் சொன்னார். அது வேறு மாதிரி வந்தது. அடுத்தது இன்னும் வேறு மாதிரி.

“தப்பா நினைக்காதீங்க ஐயா. கம்ப்யூட்டர்ல இருக்கிற கையெழுத்தோட ஒத்துப்போகலைன்னா நாளைக்குப் பணம் எடுக்கறப்ப உங்களுக்குத்தான் கஷ்டம். கைரேகை வச்சுட்டா அந்தப் பிரச்சினையே இல்ல.”

“இன்னொரு அட்டை குடுங்க சார்,” என்றேன்.

“இன்னாம்மா, நாங்கள்லாம் வூட்டுக்குப் போவ வேணாமா?” என்றது வரிசையில் ஒரு குரல்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. பேனாவை மேசையில் வைத்தார்.

“வுடும்மா, கொயந்த அய்வுது. மைய எட்த்தாங்க சார்.”

அத்தனை வாரம் எழுதிப் பழகிய அதே கையின் கட்டைவிரலைத்தான் நீட்டினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ரேகைக்குக் கீழே அப்பாவின் பெயரை அதிகாரி அழகான ஆங்கிலத்தில் எழுதினார்.

பேருந்தில் அப்பா கட்டைவிரலை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் நான் சோப்பும் தண்ணீரும் கொண்டுபோனபோதும் விரலை நீட்டவில்லை. மகளை அக்காவிடம் விட்டுவிட்டு வேறொரு நாள் போயிருக்கலாமோ? கணக்கில் என் பெயரையும் முன்பே சேர்த்திருக்கலாமோ? பிறகு சேர்த்தோம். வட்டி ஒரு பைசா குறையாமல் வந்தது. “நீயே போய்ட்டு வந்துடும்மா” என்பார். அவர் இருந்தவரை அந்த வங்கிப் படியை மறுபடி மிதிக்கவில்லை.

வங்கிக்குப் போய்வந்த அன்று மாலையே கிரேயானை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இந்தா, உன்து. நீ எய்து.”

அவள் அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.