கள்ளிக்கு ஒரு செம்பு தண்ணீர்

தையல்கார அக்காவுக்கு முழங்கால் வலி என்று தெரிந்த நாளிலிருந்து, பக்கத்து வீட்டில் வேலை பார்த்த தோட்டக்காரர், யாரும் கேட்காமலே அவளுடைய தண்ணீர் வாளிகளை வாசல் புல்தரை வரை தூக்கிவைத்துவிட்டுப் போவார். சட்டைப்பையில் எப்போதும் கல் கிடப்பதால் தெருவில் அவருக்குக் 'கூழாங்கல்' என்று பேர்.

மழை பொய்த்துப் புல் கருகியதும், அவரே புல்லைப் பெயர்த்தெடுத்தார். சிவப்பும் வெள்ளையுமாகச் சரளை பரப்பி, கற்றாழை, கள்ளி, ஊதாக் காகிதப்பூ எல்லாம் நட்டு, வாசலுக்குப் புதுத்துணி உடுத்திவிட்டார்.

"மாசத்துக்கு ரெண்டு தடவை தண்ணி போதும்க்கா."

அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷமாகச் சாமி கும்பிட்ட கையோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் அவளுக்குப் பொழுது விடியும். யாருக்கும் தெரியாமல் தினமும் ஒரு செம்பு ஊற்றினாள். மூன்றாம் வாரம் ஒரு கள்ளி அழுகிச் சாய்ந்தது.

திட்டு விழும் என்று பயந்து நின்றவளைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார்.

"கள்ளிக்கே ஜலதோஷம் பிடிக்க வெச்ச முதல் ஆள் நீங்கதான்!"

"வாடுமேன்னு ஊத்தினேன் தம்பி."

"கும்பிட்டுக்குங்க, குளிப்பாட்டாதீங்க."

மறுநாள் வேறு கள்ளி நட்டார். பக்கத்தில் குழிவான கல் ஒன்றையும் பதித்து, அதில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். குருவிகள் வந்தன. அக்காவுக்குப் பழையபடி பொழுது விடிந்தது.

தோட்டக்காரர் வேறு ஊருக்குக் குடிபோகும் அன்று, அக்கா வீட்டுக் கேட்டருகே கைகூப்பிச் சொன்னார்: "கை துறுதுறுன்னா குருவிக்கு ஊத்துங்கக்கா. கள்ளியைக் கடவுள் பார்த்துப்பார்."