பிராமிஸ் மாஸ்டர்

பகலில் அவர் கூரியர் ஆபீஸில் பார்சல் எடை போடுவார். மாலையில் தையல்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அங்கே அவருக்குப் பெயர் பிராமிஸ் மாஸ்டர். அந்த ஒரு சொல்லுக்கே ஒரு வாரம் ஒதுக்குவார். இன்டர்வியூவில் அதைத் தப்பாகச் சொன்னால் வேலை போச்சு என்பது அவர் கட்சி. மழை பெய்யும் என்று பிராமிஸ் பண்ணக்கூடாது. நம் கையில் இருப்பதைத்தான் பண்ண வேண்டும். தேதி இல்லாத பிராமிஸை அவர் போர்டில் ஏற்றமாட்டார்.

கீழே தையல்கடை நடத்துகிறவளை அவர் கட்டிக்கொள்வதாக இருந்தது. வருஷக்கணக்காக இருந்தது. எப்போது என்று கேட்டால் "பாக்கலாம்" என்பார். அவருடைய தமிழில் தேதிகள் கிடையாது.

வெளியூரில் பெரிய கடை எடுத்திருந்த அவளுடைய அண்ணன், கூட வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றான். வியாழக்கிழமை அவள் கழுத்தில் தொங்கிய டேப்போடு மாடியேறி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் பார்க்காததுபோல் முதல் பெஞ்சில் ஆரம்பித்தார். வேன் டிரைவர், நாளை முதல் நேரத்துக்கு வருவதாக இங்கிலீஷில் வாக்குக் கொடுத்தார். நர்ஸ், திங்கட்கிழமைக்குள் எல்லோருக்கும் ஊசி போடுவதாகச் சொன்னாள். வாட்ச்மேன், இன்றிலிருந்து டியூட்டியில் தூங்குவதில்லை என்றார்.

"உங்க கையில இருக்கிறத சொல்லுங்க," என்று மாஸ்டர் அவரை உட்காரவைத்தார்.

அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

"ஹி பிராமிஸ்ட் டு மேரி மீ."

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"தேதி இல்லையே," என்றார் மாஸ்டர். பழக்கதோஷம்.

"அத நீங்கதான் சொல்லணும்."

"சொல்லுங்க சார்," என்றார் டிரைவர். "எங்களை மட்டும் இந்தப் பாடு படுத்துறீங்க?"

மாஸ்டருக்கு முழி பிதுங்கியது. கடைசியில் வகுப்பு முறைதான் கைகொடுத்தது. வாக்கியத்தில் 'ஹி'யை 'ஐ' என்று மாற்றி அவர் போர்டில் எழுதுவார். எல்லோரும் எழுந்து மூன்று தரம் சொல்ல வேண்டும். மாஸ்டர் சொல்லமாட்டார். உச்சரிப்பைக் கவனிக்க யாராவது வேண்டுமே.

'ஐ பிராமிஸ் டு மேரி ஹர் பை ஜூன்' என்று எழுதினார். ஜூனை நர்ஸ் எடுத்துக்கொடுத்தாள்.

டிரைவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னார். பேரன் எடுத்த வாட்ச்மேனும் சொன்னார். நர்ஸும் சொன்னாள். மூன்று தரம். கடைசி பெஞ்சில் அவள் மாஸ்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீங்க ஒரு தரம் சொல்லுங்க."

"அது சும்மா எக்ஸாம்பிளுக்கு எழுதினது."

"சரி." வாட்ச்மேன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்கதான் நல்லா சொன்னீங்க. அண்ணி காதுல விழாம பாத்துக்குங்க."

சிரிப்பு அடங்குமுன் கீழே இறங்கிவிட்டாள். அவள் போனில் பேசியது ஜன்னல் வழியே மாடிவரை கேட்டது.

"வர்றேண்ணே. ஞாயித்துக்கிழமை காலைல."

மாஸ்டர் ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி முதல் பெஞ்சுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வேன் கொண்டுவந்தார், நேரத்துக்கு. வாக்குக் கொடுத்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தையல் மெஷினை ஏற்றினார்கள். மாஸ்டர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜூன்ல அந்தப் பக்கம் வந்தாலும் வருவேன்," என்றார்.

"கதவை விடுங்க," என்றாள். "வண்டி கிளம்பணும்."