இது உங்க லென்ஸுக்கு ஆவாது

விற்க வேண்டிய ஆளே விற்க மாட்டேன் என்றதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

சிந்தாதிரிப்பேட்டையில் பழைய கேமராக்களைப் பழுதுபார்த்து விற்கிற சின்னக் கடை அது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். என் பையில் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. அடையாறில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபிலிம் கேமராவோடு சேர்த்து வாங்கியவை. போன வருடம் கேமரா நின்றுபோனது. லென்ஸ்களை விட மனசில்லை, அதிலும் அந்த அகல லென்ஸை. மாட வீதியில் கூட்டம் இடிக்க இடிக்க நின்றபடியே ஒரு கடையை முழுசாக அள்ளிவிடும். கம்பங்கள் வளையாமல் நேராக நிற்கும். அதை மாட்டுவதற்கு, கைப்பைக்குள் அடங்குகிற டிஜிட்டல் கேமரா ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். பெரிய கேமராவைத் தொங்கவிட்டால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

நான் நினைத்து வந்த மாடலே அவர் அலமாரியில் இருந்தது. கடைக்காரருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கேமராவை எடுக்காமல் என் அகல லென்ஸைக் கையில் வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பினார். விளக்கடியில் கொண்டுபோனார். கண்ணாடிக்குள் அவர் பார்த்து முடிப்பதற்குள் தெருவில் இரண்டு பஸ் போயிருக்கும்.

"இது ஆவாது மேடம். பின்னாடி கண்ணாடி எவ்ளோ நீட்டிக்கினு கீது பாருங்க. அந்த கேமராவுக்கு லென்ஸு உக்கார்ற உள்வாய் சின்னது. தூரத்துக்கு ஃபோகஸ் வெச்சா போய் இடிக்கும்."

"நடுவுல அடாப்டர் ரிங் போட்டா எல்லாம் சேரும்னு சொல்றாங்களே?"

"உங்க இன்னொரு லென்ஸு சேரும். இது சேராது. வேணும்னா இத்த எங்கிட்ட குட்த்துட்டு வேற நல்லதா ஒண்ணு வாங்கிக்கங்க."

அப்படிப் போடு என்று நினைத்துக்கொண்டேன். கேமரா சரியில்லை என்று சொல்லி லென்ஸைக் கழற்றப் பார்க்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிக் கையை நீட்டினேன். லென்ஸைக் கொடுக்க அவருக்கு ஒரு வினாடி பிடித்தது. அந்த ஒரு வினாடியை வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன்.

அடுத்த சனிக்கிழமை தி. நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஏசி, கண்ணாடி மேசை, கழுத்துப்பட்டியில் அடையாள அட்டை தொங்கவிட்ட விற்பனையாளர். அதே மாடலை முன்னால் வைத்தார்.

"எந்த லென்ஸ் வேணாலும் போடலாம் மேடம். நிறைய பேர் வாங்கிட்டுப் போறாங்க."

"அப்ப நீங்களே மாட்டி, தூரத்துக்குத் திருப்பிக் காட்டுங்க."

அவர் ரிங்கைப் பூட்டினார். லென்ஸைப் பூட்டினார். அதோடு கையை எடுத்துக்கொண்டார். "நீங்களே திருப்பிப் பாருங்க மேடம். லென்ஸுக்கு ஏதாவது ஆனா நாங்க பொறுப்பாக முடியாது."

எல்லாம் சேரும் என்ற ஆளுக்கு என்ன பயம்? மெதுவாகத் திருப்பினேன். கடைசிக் கோட்டுக்கு முன்பே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. நிறுத்திவிட்டேன். கழற்றிப் பார்த்தால், லென்ஸின் பின்விளிம்பில் கறுப்புப் பூச்சு மயிரிழை அளவுக்கு உரிந்திருந்தது. "அது முன்னாடியே இருந்திருக்கும் மேடம்" என்றார். இருந்திருந்தால் எனக்குத் தெரியாதா? முந்தின இரவு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நாலு பக்கமும் ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன். காட்டிச் சண்டை போடத் தெம்பில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

சிந்தாதிரிப்பேட்டைக்காரர் சொன்னது நிஜம். அதனால் அவர்மேல் நம்பிக்கை வந்ததா என்றால், இல்லை. நிஜத்தைச் சொல்லியும் ஆளை மடக்கலாமே.

திரும்பப் போய் நேராகவே கேட்டேன். "அண்ணா, உங்களுக்கு இந்த லென்ஸ் மேல கண்ணா?"

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"ஆமா மேடம். இருவது வருசமா இந்த லென்ஸத் தேடிக்கினு கீறேன். கைக்கு வந்தது ஒண்ணு, அதுவும் பூசணம் புடிச்சது. ஆசை இல்லன்னு சொன்னா பொய்யி. ஆனா அந்த கேமரால இடிக்கும்னு சொன்னது ஆசைல சொன்னது இல்ல."

இப்படி ஒரு பதிலுக்கு நான் தயாராக வரவில்லை. பொய் சொல்லியிருந்தால் என்ன கேட்பது என்று மட்டும்தான் யோசித்து வைத்திருந்தேன்.

உள்வாய் அகலமான வேறொரு கேமராவை இரண்டு வாரத்தில் வரவழைத்தார். முதலாவதைவிடக் கொஞ்சம் தடிமன். கைப்பையில் இடித்துப் பிடித்து நுழையும். அவர் லென்ஸைத் தொடவே இல்லை. நானே பூட்டி, நானே திருப்பினேன். கடைசி வரை தடையில்லாமல் போனது. தெருக்கோடி விளக்குக் கம்பம் திரையில் நறுக்கென்று தெரிந்தது. ஓரங்களில் லேசாக ஊதா படர்ந்தது. "இந்த மாரி அகல லென்ஸுக்கு ஓரத்துல அது இருக்கும், அத்த நான் மறைக்கல" என்றார். வாங்கினேன்.

கிளம்பும்போது கேட்டார். "ஒரே ஒரு காலைல, ஒரு மணி நேரம், அந்த லென்ஸ எங்கிட்ட குடுப்பீங்களா? என் கேமராவும் இதே மாடல்தான்."

தனியாகக் கொடுக்க முடியாது என்றேன். கூடவே வருவேன் என்றேன். சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூரில் சந்தித்தோம். தெற்கு மாட வீதியில் அவர் பூக்கடைகளைப் படமெடுத்துக்கொண்டு போக, நான் நாலடி பின்னால் நடந்தேன். அவர் லென்ஸைக் கழற்றுகிறாரா, பைக்குள் கை போகிறதா என்று விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பூக்கார அம்மா கேட்டுவிட்டார்: "இன்னாமா, அவருக்குக் காவலா வந்தியா?"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலில் உட்கார்ந்து மல்லிகைக் குவியலுக்கு ஃபோகஸ் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஆனதும் அவரே கடிகாரத்தைப் பார்த்து லென்ஸைக் கழற்றி, மூடியை மாட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸின் பின்னால் பூட்டு வளையத்தில் இருக்கிற சின்னத் திருகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாரும் கைவைத்த தடமில்லை. அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. மல்லிகைக்குப் பின்னால், நாலடி தள்ளி, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், கேமரா எப்போது என் பக்கம் திரும்பியது என்று தெரியவில்லை.