நான் பேர் வைத்த பறவை

தென்காசியில் என்னை எல்லோருக்கும் தெரியும். என் பெயர்தான் தெரியாது. விஜயசங்கர் என்றால் யாரென்று கேட்பார்கள். கல்யாண போட்டோக்காரர் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். இலத்தூரில் அப்பாவின் வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். ஐம்பது தாண்டியதும் அந்தப் பட்டம் சலித்துவிட்டது. 'பறவை ஆர்வலர் விஜயசங்கர்' என்று ஒரு பேனரிலாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசைக்குத் தகுந்த லென்ஸும் வாங்கினேன். அறிவுதான் கடையில் கிடைக்கவில்லை.

தொழிலில் எனக்கொரு பழக்கம். மண்டபத்துக்குக் கிளம்பும் முன்பே விசேஷத்தின் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்துவிடுவேன். திரும்பி வந்து கார்டைச் செருகினால் எல்லாப் படங்களும் அந்தப் பெயரிலேயே வரிசையாக இறங்கும். சங்கரேஸ்வரி வளைகாப்பு ஒன்று, இரண்டு, மூன்று. பந்தி முடிந்து இலையை நக்கும் நாயும் சங்கரேஸ்வரி வளைகாப்புதான்.

இந்தச் சாரல் சீசனுக்கு இருவாச்சி தேடிக் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனேன். பெரிய மஞ்சள் அலகும், அதன்மேல் தொப்பி மாதிரி ஒரு புடைப்பும் உள்ள மலைப்பறவை. வழக்கம்போல, கிளம்பும் முன்பே 'இருவாச்சி' என்று அடித்துவிட்டேன். காலை முழுக்கக் குரங்குகள்தான் வந்தன. சலித்துத் திரும்பும்போது, கடைகளுக்குப் பின்னால் இலை மறைவில் ஒரு கறுப்பு உடம்பு. முன்னால் நீளமாய் மஞ்சள் அலகு. அடுத்தடுத்து எடுத்துத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து, பறவைப் படங்களைப் பதிகிற இணையதளத்தில் ஏற்றினேன். நான் ஒன்றும் அடிக்கவில்லை. இனம் என்ற கட்டத்தில் தானாகவே 'இருவாச்சி' என்று வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அலகு மேல தொப்பி இருக்கும்னு சொன்னியளே, அது எங்க?" என்றாள் என் மனைவி லோகநாயகி.

"கம்ப்யூட்டரே சொல்லுது. அதைவிட நீ பெரிய ஆளோ?" என்றேன். நுணலும் தன் வாயால்தான் கெடும்.

எங்கள் ஊர்ப் பறவைக் குழு சீசனுக்கு ஒரு கண்காட்சி வைத்தது. வாசல் பேனருக்கு ஒரே படம். எடுத்தவர் பெயரும் அதில் வரும். என் படத்தைக் கொடுத்தேன். அத்தோடு நில்லாமல் இலத்தூர்ச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன்.

தேர்வுக் கூட்டத்தில் படத்தைத் திரையில் போட்டார் சஃப்ரின். கடையநல்லூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண். குழுவை நடத்துவது அவர்தான். படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மஞ்சள் அலகின் நுனியில் ஒரு காம்பு இருந்தது.

"அண்ணாச்சி, இது காக்கா. வாயில மிளகாய் பஜ்ஜி வச்சிருக்கு."

கூட்டம் சிரித்து ஓய நேரமானது. "கம்ப்யூட்டர்தானே இருவாச்சின்னு சொல்லுச்சு?" என்றேன்.

"அது படத்தையே பாக்கல அண்ணாச்சி. ஃபைலுக்கு நீங்க வச்ச பேரைப் படிச்சு, அதை உங்ககிட்டயே திருப்பிச் சொல்லுது."

என் பேச்சை நானே நம்பி, நானே கண் கலங்கியிருக்கிறேன். இப்படி ஒரு முட்டாளை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் படம் பிடித்ததில்லை. பேனர் ஒரு மரங்கொத்திக்குப் போனது. காக்காவை மட்டும் சஃப்ரின் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

கண்காட்சிக்கு வரமாட்டேன் என்று படுத்துக்கிடந்தவனை லோகநாயகிதான் இழுத்துப் போனாள். மரங்கொத்தியைச் சீண்ட ஆளில்லை. கூட்டமெல்லாம் ஒரு மூலையில் மொய்த்தது. அங்கே என் காக்கா. கீழே எழுதியிருந்தார்கள்: 'காகம், மிளகாய் பஜ்ஜியுடன். ஐந்தருவி. எடுத்தவர்: பறவை ஆர்வலர் விஜயசங்கர்.'

நெஞ்சு நிறைந்து நின்றேன். முன்னால் நின்றவர் பக்கத்து ஆளிடம் கேட்டார், "யாருவே இந்த விஜயசங்கர்?"

"தெரியலையே. யாரோ பஜ்ஜி அண்ணாச்சி."

இப்போதெல்லாம் தென்காசியில் யாரும் என்னைக் கல்யாண போட்டோக்காரர் என்று சொல்வதில்லை. பஜ்ஜி அண்ணாச்சி வீடு எது என்று கேளுங்கள், வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.